செயலி எவ்வளவு ஆழமாக நித்திரை கொள்ளலாம்? திருமலையில் ஒரு கடைக்கும் ஒரு விடுதிக்கும் ஒரு திருவிழா மேசைக்கும்

லினக்ஸ் ஓடும் கணினி இடைக்கிடை உறைந்துபோகிறதா, ஒலி வெட்டி வெட்டி வருகிறதா, யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் கைமருந்து ஒன்றுதான்: பூட் வரியில் (கணினி தொடங்கும்போது லினக்ஸுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில்) சி-ஸ்டேட் எனப்படும் செயலியின் நித்திரைப் படிகளுக்கு உச்சவரம்பை 1 ஆக்கிவிடுங்கள். பல நேரம் அது பலிக்கிறது. பலித்த பிறகு அந்த வரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கணினி உயிரோடு இருக்கும்வரை இராப்பகலாக அரை நித்திரையிலேயே கிடக்கிறது.

குளிர் நாட்டில் இந்த வீண் சூடு அறையைக் கொஞ்சம் கணகணப்பாக்கிவிட்டுப் போகும். திருகோணமலையில் ஆனி, ஆடிக் கச்சான் அடிக்கும்போது, காற்றோட்டமில்லாத பின்னறையில் அலுமாரிக்குள் வைத்த பெட்டிக்கு அதே சூடு விசிறிச் சத்தமாகவும் யூபிஎஸ் பற்றரியின் ஆயுளாகவும் திரும்பி வருகிறது. ஆகவே இங்கே கேள்வி 'நித்திரையை நிறுத்தலாமா' என்பதல்ல. எந்தப் படிக்குக் கீழே, எவ்வளவு நேரத்துக்கு, எந்தக் கணினியில் நிறுத்துவது என்பதுதான்.

எடுத்துக்கொள்வது மூன்று கணினிகள். பிரதான வீதிக் கடையில் பில் போடும் பெட்டி ஒன்று. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதியில் கமராக்களைப் பதிவு செய்யும் சிறு சேவர் ஒன்று. கோயில் திருவிழாவை நேரலையாக அனுப்ப ஒலி கலக்கும் மடிக்கணினி ஒன்று.

படிகளும் அவற்றின் விலையும்

செயலிக்குச் செய்ய எதுவும் இல்லாதபோது லினக்ஸின் மையமான கேர்ணல் அதை ஒரு நித்திரைப் படிக்கு அனுப்புகிறது. சி0 என்றால் விழிப்பு. சி1 கோழித்தூக்கம்: கடிகாரத் துடிப்பு நிற்கும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். சி6இல் கோரின், அதாவது செயலிக்குள் தனித்து வேலை செய்யும் அலகின், நிலையை ஒரு சிறு நினைவகத்தில் எழுதி வைத்துவிட்டு அதன் மின்சாரத்தையே துண்டிக்கிறார்கள். அதற்கும் கீழே போகும் படிகளில் கோர்கள் மட்டுமல்லாமல் பொதுக் கேஷும் நினைவகக் கட்டுப்படுத்தியும் சேர்ந்து படுக்கின்றன.

ஒவ்வொரு படிக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, எழும்ப எடுக்கும் நேரம். மற்றது, அந்தப் படிக்குப் போனதில் மின்சார இலாபம் வரவேண்டுமானால் குறைந்தது எவ்வளவு நேரம் கிடக்கவேண்டும் என்பது. பழைய அலுவலகக் கணினிகளாக இன்று கைக்கு எட்டும் விலையில் வரும் இன்டெல் ஸ்கைலேக் தலைமுறைச் செயலிகளுக்கு கேர்ணலின் இன்டெல்-ஐடில் டிரைவர் வைத்திருக்கும் அட்டவணை இப்படி: சி1க்கு எழும்ப 2 மைக்ரோசெக்கன், கிடக்க 2; மற்றவையும் இதே வரிசையில். சி1ஈக்கு 10, 20. சி3க்கு 70, 100. சி6க்கு 85, 200. சி7எஸ்ஸுக்கு 124, 800. சி8க்கு 200, 800. சி9க்கு 480, 5000. சி10க்கு 890, 5000. இவை அந்தத் தலைமுறைக்கான எண்கள். இதற்கு முந்திய ஹஸ்வெல்லில் சி10இலிருந்து எழும்ப 2600 மைக்ரோசெக்கன் ஆகும் என்று அதே டிரைவர் சொல்கிறது. உங்கள் கணினியின் எண்களைப் பார்க்க 'சிபியூபவர்' கருவியில் 'ஐடில்-இன்ஃபோ' என்ற கட்டளை போதும்.

இந்த அட்டவணையை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு தெரிவும் ஒரு கழித்தல் கணக்காகிவிடும்.

தெரிவு ஒன்று: விட்டபடி விடுவது

எந்தப் படி என்று தீர்மானிப்பது கவர்னர் எனப்படும் கேர்ணல் பகுதி. வழமையாக இருப்பது 'மெனு'. அடுத்த டைமர் எப்போது அடிக்கும் என்று பார்க்கும். கடைசி எட்டு இடைவெளிகள் எப்படி இருந்தன என்றும் பார்க்கும். இரண்டையும் வைத்து, இந்த நித்திரை எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று ஊகிக்கும். 2019இல் வெளிவந்த 5.1 கேர்ணலில் 'டியோ' என்ற இன்னொன்று சேர்ந்தது. டைமர்தான் நம்பகமான சாட்சி, அதற்கு முன்னே வந்து எழுப்பும் குறுக்கீடுகளைத் தனியே எண்ணிக்கொள்வோம் என்பது அதன் வழி.

இரண்டில் எது என்று வாதாடுவதை விட எண்ணிப் பார்ப்பது சுலபம். ஒவ்வொரு படியின் கோப்புறையிலும் 'அபவ்', 'பிலோ' என்று இரண்டு எண்ணிகள் உண்டு. முதலாவது, அந்தப் படிக்கு அனுப்பியது தவறு, நித்திரை அதற்குப் போதாமல் முடிந்துவிட்டது என்பதை எண்ணும். இரண்டாவது, இதைவிட ஆழமாக அனுப்பியிருக்கலாம் என்பதை எண்ணும். ஒரு மணி நேரம் வழமையான வேலையை ஓடவிட்டு, அந்தப் படிக்கு மொத்தம் எத்தனை தரம் அனுப்பியது என்று சொல்லும் 'யூசேஜ்' எண்ணியோடு ஒப்பிடுங்கள். ஆழமான படியில் 'அபவ்' நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் கவர்னரை மாற்றிப் பார்ப்பது பெறுமதி. அதற்குக் கீழே என்றால் அந்த நேரத்தைத் தூசி தட்டச் செலவிடலாம். கடலோரத்து உப்புக் காற்றில் ஹீட்சிங்கில் படியும் பிசுக்கு கவர்னர் வித்தியாசத்தைவிடக் கூடக் கெடுதல் செய்யும்.

விட்டபடி விடுவதுதான் பெரும்பாலான கணினிகளுக்குச் சரி. ஆனால் 'விட்டபடி' என்றால் ஆழமாகப் படுக்கிறது என்று அர்த்தமில்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

பெட்டி முழுவதும் படுக்கிறதா?

கோர் ஒவ்வொன்றும் தனித்தனியே சி6க்குப் போகலாம். ஆனால் கோர்களும் பொதுப் பாகங்களும் சேர்ந்த செயலிப் பொதி முழுவதும் ஆழப் போகவேண்டுமானால் எல்லாக் கோர்களும் ஒரே நேரத்தில் படுத்திருக்கவேண்டும்; அதோடு அட்டைகளுக்கான பிசிஐ இணைப்புகளும் வட்டுக்கான சாட்டா இணைப்பும் சேர்ந்து அடங்கவேண்டும். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள், ஒருவர் மட்டும் ரீவி பார்க்கிறார், மண்டப விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, அதே கதைதான். மின்சாரத்தில் பெரிய பங்கு அந்த மண்டப விளக்கில் போகிறது.

பார்க்கும் முறை: 'டர்போஸ்டாட்' கருவியை 10 செக்கன் இடைவெளியில் ஓடவிடுங்கள். கோர் சி6, சி7 வீதங்கள் 95ஐத் தாண்டி, பொதி சி2வில் மட்டும் கொஞ்சம் நேரம், சி6இலும் சி8இலும் பூச்சியம் என்று வந்தால், கோர்களில் குறையில்லை. ஏதோ ஒரு கருவி பொதியைப் பிடித்து வைத்திருக்கிறது.

பெரும்பாலும் குற்றவாளி நெட்வேர்க் அட்டைதான். சில ரியல்டெக் சிப்களில் பிசிஐ இணைப்பின் மின்சிக்கனத்தைக் கேர்ணல் டிரைவரே நிறுத்தி வைத்திருக்கும், இணைப்பு அறுந்துபோகும் முறைப்பாடுகள் வந்ததால். அதை வலுக்கட்டாயமாகத் திறக்கும் வழி இருக்கிறது. தூரத்திலிருந்து மட்டும் எட்டக்கூடிய சேவரில் அதைச் செய்யாதீர்கள். அடுத்தது சாட்டா. அதன் இணைப்புக் கொள்கையை 'மாக்ஸ் பெர்ஃபோமன்ஸ்' என்பதிலிருந்து 'மெட் பவர் வித் டிஐபிஎம்' என்பதற்கு மாற்றினால் பல மேசைக் கணினிகளில் பொதி உடனே கீழே இறங்கும். 'மின் பவர்' (மினிமம் பவர்) என்பதைத் தொடவேண்டாம். சில எஸ்எஸ்டிகளில் அது தரவைக் கெடுத்த வரலாறு இருப்பதால்தான் 4.15 கேர்ணலில் நடுத்தரமான இந்தக் கொள்கையைச் சேர்த்தார்கள்.

'பவர்டாப்' கருவியின் ஒட்டுமொத்தத் தானியங்கி வசதி இதையெல்லாம் ஒரே அடியில் செய்துவிடும். கடைப் பெட்டியில் அதை ஓடவிட்டால் யூஎஸ்பி கருவிகளும் சேர்ந்து உறங்கும். பார்கோட் வாசிப்பான் விழிக்கும் முன்பே முதல் எழுத்துகள் வந்து விழுந்துவிடும். 13 இலக்கத்தில் 11 தான் திரையில் வரும். காசாளர் வாசிப்பானைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். சாட்டாவையும் பிசிஐயையும் மட்டும் கையால் மாற்றுங்கள், யூஎஸ்பியை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: டர்போஸ்டாட் காட்டும் வாட் எண் செயலிப் பொதிக்கானது மட்டும். மதர்போர்ட், வட்டு, பவர்சப்ளை இழப்பு எதுவும் அதில் இல்லை. இறுதித் தீர்ப்பு சுவர்ப் பிளக்கில் மாட்டும் வாட் மீட்டருடையது. மாற்றத்துக்கு முன் 10 நிமிடம், பின் 10 நிமிடம், திரையை அணைத்துவிட்டு அளக்கவேண்டும்.

அளந்த வாட்டைக் காசாக்குவது இப்படி. இடைவிடாது ஓடும் கணினியில் 1 வாட் என்பது வருடத்துக்கு 8.76 அலகு. 10 வாட் வீணானால் மாதம் 7.3 அலகு. தனியே பார்த்தால் அற்பம். ஆனால் வீட்டோடு சேர்ந்த சிறு விடுதியின் வீட்டு மின்பட்டியலில் 60, 90, 120, 180 என்று படி தாண்டும் இடங்கள் இருக்கின்றன. மாதம் 175 அலகில் நிற்பவரை அந்த ஏழு அலகு அடுத்த படிக்குத் தள்ளிவிடும்.

யூபிஎஸ் கணக்கு இதைவிட நேரடியானது. 650 விஏ யூபிஎஸ்ஸில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர்-மணி ஈயப் பற்றரி ஒன்று. பெயரளவில் 84 வாட்-மணி. மாற்றும் இழப்பும் பற்றரியின் குணமும் போக 45 வாட்-மணி கைக்கு வருகிறது என்று கொள்வோம். 45 வாட் இழுக்கும் கணினி ஒரு மணி நேரம் தாங்கும். 30 வாட் இழுப்பது ஒன்றரை மணி நேரம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டுப் போனதை நினைத்தால் இது பெரிதில்லை. இன்றைய குறுகிய தடைகளுக்கு அந்த அரை மணி நேரம் பெரும்பாலும் போதும். பற்றரியின் ஆயுளோ 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறக்குறையப் பாதியாகும். கணினிக்கு மேலே, அதன் சூட்டுக் காற்றுப் படும் இடத்தில் யூபிஎஸ்ஸை வைத்திருக்கும் கடைகள் கவனிக்க.

தெரிவு இரண்டு: பூட் வரியில் பூட்டுப் போடுவது

இதில் இரண்டு பொறிகள் உண்டு, இரண்டும் எண்ணைப் பற்றியவை.

முதலாவது, இன்டெல்-ஐடிலின் 'மாக்ஸ் சிஸ்டேட்' என்ற வரம்புக்குக் கொடுக்கும் எண் செயலியின் சி-எண் அல்ல. டிரைவர் அட்டவணையில் எத்தனையாவது வரிசை என்பது. மேலே சொன்ன ஸ்கைலேக் அட்டவணையில் 2 என்று கொடுத்தால் சி1ஈ வரை. சி3 என்பது மூன்றாவது, சி6 நான்காவது. 'சி6 வரை விடலாம்' என்று நினைத்து 6 என்று எழுதினால் சி8 வரை திறந்துவிட்டீர்கள்.

இரண்டாவது இதைவிட மோசம். 0 என்று கொடுத்தால் நித்திரையே இல்லாமல் போகும் என்று நினைப்பார்கள். நடப்பது வேறு: இன்டெல்-ஐடில் டிரைவர் விலகிக்கொள்கிறது, அதன் இடத்தில் பயோஸ் கொடுக்கும் பட்டியலை வைத்து ஏசிபிஐ என்ற பொதுவான டிரைவர் வந்து உட்காருகிறது. அந்தப் பட்டியலில் ஆழமான படிகள் இருந்தால் செயலி முன்போலவே ஆழப் படுக்கும். உண்மையாகவே சி1இல் நிறுத்தவேண்டுமானால் 'புரொசெசர்' தொகுதியின் வரம்பையும் சேர்த்து 1 ஆக்கவேண்டும். எது ஓடுகிறது என்பதை 'கரன்ட் டிரைவர்' கோப்பு சொல்லும். மாற்றத்துக்குப் பிறகு அதை ஒருமுறை வாசிக்காமல் விடவேண்டாம்.

மேலும் ஒரு பக்கவிளைவு, வேகம் தேடி இதைச் செய்பவர்கள் எதிர்பாராதது: சில கோர்கள் ஆழப் படுத்திருந்தால்தான் மற்றக் கோருக்கு டர்போ வேகத்தின் மேற்படி கிடைக்கும். எல்லாவற்றையும் சி1இல் வைத்தால் வன்பொருள் அவற்றை விழித்திருப்பவையாகக் கணக்கெடுக்கும். ஒற்றைக் கோர் வேலை மெதுவாகிவிடும். வேகத்துக்காகப் போட்ட பூட்டு வேகத்தையே தின்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தத் தெரிவு சரியாகும் இடம் ஒன்று உண்டு, அது கடைப் பெட்டி. பில் போடும் பெட்டிகளிலும் விசிறியில்லா மினி கணினிகளிலும் நெடுங்காலம் வந்த செலரோன் ஜே1900 செயலி, இன்டெலின் பே ட்ரெயில் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பம் லினக்ஸில் திடீரென உறைவது கேர்ணல் வழுப்பட்டியலில் 109051 என்ற எண்ணில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த விவகாரம். திரை அப்படியே நிற்கும், பதிவேட்டில் ஒரு வரியும் இருக்காது, பவர் பொத்தானைப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியில்லை. வரம்பை 1 ஆக்கினால் நிற்கும். அந்தச் செயலியின் வெப்ப வரம்பே 10 வாட். அதை அரை நித்திரையில் வைத்திருப்பதால் போகும் மின்சாரம் சில்லறை. நடுப்பகலில் கடையில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது பெட்டி உறைவதன் விலை அதைவிடப் பலமடங்கு. பூட்டைப் போடுங்கள். புதிய கேர்ணல்களில் இதற்குத் திருத்தங்கள் வந்திருப்பதால், மேம்படுத்திய பின் கடை பூட்டியிருக்கும் நாளொன்றில் பூட்டை எடுத்துச் சோதிக்கலாம். சி6ஐ மட்டும் தனியே நிறுத்துவதும் பலருக்குப் போதுமாக இருந்தது.

உறைவதெல்லாம் கேர்ணல் குற்றமும் அல்ல. முதல் தலைமுறை ரைசன் கணினி வேலை இல்லாத நேரத்தில் மட்டும் உறைந்தால் பயோஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதைத் தேடி 'டிப்பிக்கல் கரன்ட் ஐடில்' என்று மாற்றுங்கள். செயலி ஆழப் படுக்கும்போது 12 வோல்ட் தடத்தில் இழுவை மிகச் சிறிதாகிவிடும். பழைய, மலிவான பவர்சப்ளைகளுக்கு அவ்வளவு சிறிய சுமையில் வோல்டேஜைப் பிடித்து நிற்கத் தெரியாது. இதே சங்கடம் 2013இல் ஹஸ்வெல் வந்தபோதே பேசப்பட்டது: அதுவரை அந்தத் தடத்தில் குறைந்தபட்சம் 0.5 அம்பியர் சுமை இருக்கும் என்று வடிவமைத்தவர்கள் திடீரென 0.05 அம்பியருக்கு இறங்கவேண்டியதாயிற்று. பெட்டியோடு இலவசமாக வரும் பவர்சப்ளையை வைத்துக்கொண்டு கேர்ணலோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

தெரிவு மூன்று: தேவையான நேரத்துக்கு மட்டும் ஒரு எல்லை

திருவிழா மேசைக்கு வருவோம். ஒலி செக்கனுக்கு 48,000 மாதிரி (சாம்பிள்) வேகத்தில், 64 மாதிரித் துண்டுகளாகப் போகிறது என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் இருக்கும் அவகாசம் 1333 மைக்ரோசெக்கன். சி10இலிருந்து எழும்ப 890 போனால் மூன்றில் இரண்டு பங்கு கண் விழிப்பதிலேயே போயிற்று. மிச்சத்தில் எதிரொலி, சமன்படுத்தல் எல்லாம் செய்யவேண்டும். தவில் உச்சத்தில் இருக்கும்போது 'டக்' என்று ஒரு வெட்டு விழுவது இதனால்தான். சி6இலிருந்து எழும்பினாலோ செலவு 85 மட்டும், அவகாசத்தில் ஏழு வீதத்துக்கும் குறைவு.

ஆகவே சி1க்கு இறங்கத் தேவையே இல்லை. எழும்பும் நேரம் 100 மைக்ரோசெக்கனைத் தாண்டாதே என்று எல்லை வைத்தால் போதும். ஸ்கைலேக்கில் சி6 வரை அனுமதி. சி7எஸ் முதல் தடை. மடிக்கணினி அளவாகச் சுடும், விசிறி ஒலிவாங்கியில் கேட்காது.

இதற்குக் கேர்ணல் கொடுத்திருக்கும் வாசல் 'டெவ்' கோப்புறையில் உள்ள 'சிபியூ டிஎம்ஏ லேட்டன்சி' என்ற கருவிக் கோப்பு. அதைத் திறந்து, மைக்ரோசெக்கன் எண்ணை எழுதி, திறந்தபடியே வைத்திருக்கவேண்டும். கோப்பை மூடியதும் எல்லை போய்விடும். இந்த வடிவமைப்பு மிக நல்லது: நிரல் செத்தாலும் பூட்டுத் தங்காது.

தவறு நடப்பது எழுதும் விதத்தில். முனையத்தில் 'எக்கோ 100' என்று அதற்குள் திருப்பிவிட்டால் இரண்டு பிழைகள் ஒன்றாகச் சேர்கின்றன. எக்கோ முடிந்தவுடன் கோப்பு மூடிவிடும், எல்லை ஒரு கணம்கூட நிற்காது. அதோடு '100' என்ற மூன்று எழுத்தும் வரி முடிவும் சேர்ந்து சரியாக நான்கு பைட். நான்கு பைட் வந்தால் கேர்ணல் அதை எழுத்தாக வாசிக்காது, இரும எண்ணாக எடுத்துக்கொள்ளும்; கிடைக்கும் எண் 17,09,30,225 மைக்ரோசெக்கன், அதாவது ஏறக்குறைய 171 செக்கன். நான்கல்லாத நீளத்தில் வந்தால் பதினாறடிமான எழுத்தாக வாசிக்கும். '20' என்று வரி முடிவில்லாமல் அனுப்பினால் 32 ஆகிவிடும். பைதனில் மூன்று வரி எழுதி, 100 என்பதை 32 பிட் எண்ணாகப் பொதிந்து அனுப்பி, நேரலை முடியும்வரை அந்த நிரலை ஓடவிடுவது பிழைக்க இடமில்லாத வழி.

நிரல் எழுத மனமில்லையென்றால் சிபியூபவரின் 'ஐடில்-செட்' கட்டளைக்குப் பெரிய 'டி' தெரிவோடு 100 என்று கொடுங்கள். எழும்பும் நேரம் அந்த அளவும் அதற்கு மேலும் உள்ள படிகளை எல்லாக் கோர்களிலும் நிறுத்தும். பெரிய 'ஈ' தெரிவு எல்லாவற்றையும் திறக்கும். மறுபடி பூட் செய்தாலும் திறந்துவிடும். படிகளைக் கையால் ஒவ்வொன்றாக நிறுத்துபவர்கள் கவனிக்க: எக்ஸ்86 கணினிகளில் 0ஆம் இலக்கப் படி நித்திரையே அல்ல, சும்மா சுற்றிக்கொண்டிருப்பது. 1ஆம் இலக்கம்தான் சி1.

அளப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. தாமதம் அளக்க எல்லோரும் எடுப்பது 'சைக்ளிக்டெஸ்ட்'. அது ஓடும்போது தானே அந்தக் கோப்பைத் திறந்து 0 என்று எழுதிக்கொள்ளும். அளக்கும்வரை கணினி கண் கொட்டாமல் விழித்திருக்கும்; எண்கள் அழகாக வரும்; கருவியை நிறுத்தியதும் பழைய வெட்டு திரும்பும். டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் விடுகிற பிள்ளை மாதிரி. 'லாப்டொப்' என்ற தெரிவைக் கொடுத்தால் எல்லையைத் தொடாமல் அளக்கும். 6.12 கேர்ணலில், 2024 நவம்பரில், நிகழ்நேர ஆதரவு பிரதான கேர்ணலுக்குள் வந்ததால் இனி இந்தக் கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். நிகழ்நேரக் கேர்ணல் மென்பொருளின் தாமதத்தைத்தான் குறைக்கும். சிலிக்கன் விழிக்க எடுக்கும் 890 மைக்ரோசெக்கனை அது தொடாது.

விடுதிக் கமராச் சேவர்

நாலு கமரா, ஒவ்வொன்றும் செக்கனுக்கு 4 மெகாபிட். மொத்தம் செக்கனுக்கு 16 மெகாபிட், ஏறக்குறைய 1400 தரவுப் பொட்டலங்கள். அவை சீராக வந்தால் இரண்டு பொட்டலங்களுக்கு இடையே 700 மைக்ரோசெக்கன் சொச்சம். இப்போது அட்டவணையைப் பாருங்கள்: சி8க்கு 800 வேண்டும், சி10க்கு 5000. இரவு மூன்று மணிக்கு விடுதியில் ஒருவரும் அசையாவிட்டாலும் கமராக்கள் அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். இந்தச் சேவரை சி10க்கு இறக்க முயல்வது வீண். சி6க்கு 200 போதும் என்பதால் அதுவரை தாராளமாகப் போகும்.

இங்கே செய்யக்கூடியது நெட்வேர்க் அட்டையின் குறுக்கீடுகளைக் கொத்தாக்குவது. 'ஈத்டூல்' கருவியில் பெறும் பக்கத்தின் மைக்ரோசெக்கன் அளவை உயர்த்தினால், பொட்டலத்துக்கொரு தட்டல் என்பது போய் ஒரு கொத்துக்கு ஒரு தட்டலாகும். பதிவுக்கு ஒரு மில்லிசெக்கன் தாமதம் ஒன்றுமில்லை. எல்லா அட்டையும் இதை ஏற்காது. ஏற்காவிட்டால் பிழைச் செய்தி வரும், அவ்வளவே. மற்றபடி கவர்னரை விட்டபடி விட்டு, பொதியைப் பிடித்திருக்கும் சாட்டாவைச் சரி செய்தால் இந்தப் பெட்டியில் எடுக்கக்கூடியதை எடுத்தாயிற்று.

சும்மா சுற்றவிடும் தெரிவு

'ஐடில் இக்வல் போல்' என்று பூட் வரியில் எழுதினால் செயலி ஒருபோதும் படுக்காது. எழும்பும் நேரம் பூச்சியம். ஒரு கோர் இரண்டாக வேலை செய்யும் ஹைப்பர்த்ரெட் இருந்தால் சும்மா சுற்றும் ஒன்று பக்கத்தில் வேலை செய்யும் மற்றதன் பங்கைப் பறிக்கும். பங்குச்சந்தைக் கொட்டகைகளில் குளிரூட்டியோடு இதற்கு இடமிருக்கலாம். திருமலையில் இந்த மூன்று கணினிகளில் ஒன்றுக்கும் இல்லை.

இரவில் முழுவதுமாகப் படுக்கவைத்தால்?

கடைப் பெட்டிக்கு இது பொருந்தும். இரவு ஒன்பதிலிருந்து காலை எட்டுவரை அதற்கு வேலையில்லை. 'ஆர்டிசி-வேக்' கட்டளையில் 'மெம்' முறையும் 39,600 செக்கனும் கொடுத்தால் பதினொரு மணி நேரம் கழித்துத் தானே எழும்பும். முன்னே 'மெம் ஸ்லீப்' கோப்பை வாசியுங்கள். 'டீப்' என்பது அடைப்புக்குள் இருந்தால் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து மற்றதெல்லாம் அணையும். 'எஸ்2ஐடில்' மட்டும் இருந்தால் அது உண்மையில் ஆழமான ஐடில்தான்; பொதி இறங்காத கணினியில் அதனால் மிச்சமாவது கொஞ்சமே. மேலே மண்டப விளக்கு என்று சொன்ன அதே பிரச்சினை இங்கும் வரும்.

மின்தடை வந்து யூபிஎஸ்ஸும் தீர்ந்தால் நினைவகத்தில் இருந்தது போய்விடும். படுக்கவைக்கும் முன் பில் மென்பொருளை மூடி, தரவுத்தளத்தை நிறுத்திவிடும் வரிகளை அதே ஸ்கிரிப்டில் சேர்க்கவேண்டும். பயோஸில் மின்சாரம் திரும்பியதும் 'பவர் ஆன்' என்று வைத்தால் காலையில் பெட்டி நித்திரையிலிருந்து எழும்பியிருக்கும், அல்லது புதிதாகப் பூட் ஆகியிருக்கும்.

யூபிஎஸ்ஸையும் சோதிக்கவேண்டும். சில மலிவு யூபிஎஸ்களில் பற்றரியில் ஓடும்போது சுமை மிகக் குறைவானால் 'ஒன்றும் மாட்டியில்லை' என்று நினைத்துத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. படுத்திருக்கும் கணினி இரண்டு மூன்று வாட் மட்டும் இழுப்பதால் அது இந்த வலையில் விழும். நன்றாக அடக்கிய ஜே1900 பெட்டி விழித்திருக்கும்போதே விழலாம். கணினியைப் படுக்கவைத்து, யூபிஎஸ்ஸின் சுவர்ப் பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருங்கள். அணைந்தால் கையேட்டில் அந்த வசதியை நிறுத்தும் முறையைத் தேடுங்கள். முறை இல்லையென்றால் ரவுட்டரையும் அதே யூபிஎஸ்ஸில் மாட்டி, சுமை எல்லையைத் தாண்டுகிறதா என்று மறுபடி பத்து நிமிடம் பாருங்கள்.